வாவிக்கு இரு கரை, கடிகாரத்துக்கு இரு நேரம்

மட்டக்களப்பு வாவிக்குச் சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. வடக்கே பங்குடாவெளியிலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது இந்த வாவி. அதன் கரைகளுக்குப் பெயர் வைத்தவர்கள் சூரியனைப் பார்த்து நேரம் சொன்னவர்கள். 1996க்கும் 2006க்கும் இடையில் அந்தப் பெயர்கள் யாரும் நினைத்திராத விதமாக மெய்யாயின. கிழக்குக் கரையில் கச்சேரியும் வங்கிகளும் பாடசாலைகளும் அரசாங்கம் அறிவித்த புது நேரத்தில் இயங்கின. மேற்குக் கரையில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த ஊர்கள் பழைய நேரத்தை விடவில்லை. மண்முனைத் துறையில் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறிக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இறங்கியவருடைய கைக்கடிகாரம் அரை மணித்தியாலம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.

இரு கரையிலும் ஆட்கள் வேலை செய்யும் ஒரு நிறுவனம் அக்காலத்தில் “திங்கள் காலை 9 மணிக்குக் கூட்டம்” என்று எழுதினால் அதன் பொருள் என்ன? கேள்வி சின்னது. ஆனால் இன்று ஒரு நிறுவனத்தின் நாட்காட்டிச் சேவையகத்தை நிர்வகிப்பவர் அன்றாடம் சந்திக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன. மென்பொருளை நிறுவுவது ஒரு நாள் வேலை. எந்த நேரம், யாருடைய விடுமுறை, யார் கையால் மாற்றலாம் என்ற மூன்றையும் தீர்த்து வைப்பதே மீதி வேலை முழுவதும். இந்த மூன்றுக்கும் வாவிக்கரையில் பழைய உதாரணங்கள் உண்டு.

அரை மணியின் வரலாறு

மட்டக்களப்பு நகரம் ஏறத்தாழ 81.7 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால் அதன் சூரிய நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 27 நிமிடம் முன்னே வரும். இந்திய நேரத்துக்கு ஆதாரமான 82.5 பாகைக் கோடு மட்டக்களப்பிலிருந்து 90 கிலோமீற்றர் அளவில் கிழக்கே, கடலில் போகிறது. ஆகவே ஐந்தரை மணி நேரம் என்பது இந்த ஊருக்கு மூன்று நிமிடப் பிழையோடு பொருந்தும் நேரம்.

இலங்கை 1906இல் இந்த ஐந்தரைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில், 1942 ஜனவரி 5இல், கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஆறு மணி முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் ஆறரைக்குப் போனது. 1945 ஒக்டோபரில் மறுபடி ஐந்தரை. மட்டக்களப்புக் கடலில் 1942 ஏப்ரல் 9இல் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டபோது கரையில் இருந்த கடிகாரங்கள் இன்றைய நேரத்தைவிட அரை மணி முந்தியிருந்தன. அந்த நாளின் நேரங்களை ஒரு கணினியில் பதிபவர் இன்றைய ஐந்தரை மணிக் கணக்கை அப்படியே பயன்படுத்தினால் கணக்கு அரை மணி பிசகும்.

அதன்பின் ஐம்பது ஆண்டு எதுவும் மாறவில்லை. 1996இல் மழை பொய்த்து நீர்மின் நிலையங்களின் நீர்த்தேக்கங்கள் வற்றின. மின்வெட்டு நாளாந்தம் ஆனது. மாலை வெளிச்சத்தைப் பயன்படுத்தி மின்சாரம் மிச்சம் பிடிக்க, மே 25 நள்ளிரவில் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபர் 26இல் அதில் பாதியைத் திருப்பித் தந்தது. நாடு ஆறு மணி நேரத்தில் நின்றது. ஏறத்தாழ பத்து ஆண்டுக்குப் பிறகு, 2006 ஏப்ரல் 15 அதிகாலை பன்னிரண்டரை மணி மறுபடி பன்னிரண்டு மணி ஆக்கப்பட்டது. சித்திரைப் புத்தாண்டின் மறுநாள் அது. அரை மணிக் கணக்கு வெளியுலகத் தொடர்புகளுக்கு இடைஞ்சல் என்று கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் எதிர்த்தார். ஆனாலும் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பியது; படுவான்கரை இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒரு கோப்பும் அதில் ஒரு குறிப்பும்

உலகத்தின் பெரும்பாலான கணினிகளும் கைத்தொலைபேசிகளும் இந்தத் திகதிகளை ஒரே இடத்திலிருந்து படிக்கின்றன. ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி, லொஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் போல் எகர்ட் பராமரித்துவரும் நேர வலயத் தரவுத்தளம் அது. ‘ஆசியா/கொழும்பு’ என்ற தலைப்பின் கீழ் மேலே சொன்ன மாற்றங்கள் வரிவரியாக இருக்கின்றன. 1970க்குப் பிறகு ஒரே கடிகாரத்தை வைத்திருந்த பகுதிகளுக்கு ஒரு வலயப் பெயர் போதும் என்பது அந்தத் தரவுத்தளத்தின் விதி. வெவ்வேறு கடிகாரம் இருந்திருந்தால் வேறு பெயர் வேண்டும்.

அப்படியானால் படுவான்கரைக்குத் தனிப்பெயர் தேவைப்பட்டிருக்குமா? 2006 ஏப்ரலில் எகர்ட் அந்தக் கோப்பில் எழுதிய குறிப்பு இதற்குப் பதில் சொல்கிறது. தமிழர் கட்டுப்பாட்டில் உள்ள பகுதிகளில் வாழ்பவர்கள் ‘ஆசியா/கொல்கத்தா’ வலயத்தைப் பயன்படுத்தலாம். 1970 முதல் இரண்டும் ஒத்தே வந்திருக்கின்றன என்பது அதன் சாரம். அரசியல் தீர்ப்பு எதையும் அவர் சொல்லவில்லை. சுவரில் தொங்கும் கடிகாரம் எத்தனை மணி காட்டியது என்பதை மட்டும் பார்த்தார். நாட்காட்டி நிர்வாகி படிக்கவேண்டிய முதல் பாடம் இதுதான்: யாருடைய நேரம் சட்டப்படியானது என்ற வாதத்தில் இறங்காமல், கூட்டம் நடக்கும் இடத்தில் மக்கள் எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள் என்று விசாரிப்பது.

இந்தத் தரவுத்தளத்துக்கு 2011இல் ஒரு சோதனை வந்தது. அமெரிக்காவில் சோதிட மென்பொருள் விற்கும் அஸ்ட்ரோலேப் என்ற நிறுவனம், நேர மாற்றத் தகவல் தான் உரிமை பெற்ற நூலிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஓல்சன், எகர்ட் இருவர்மீதும் வழக்குப் போட்டது. கோப்பு சில நாள் இணையத்திலிருந்து மறைந்தது. பிறகு இணையப் பெயர்களையும் எண்களையும் ஒதுக்கும் ஐயானா அமைப்பு அதைப் பொறுப்பேற்றது. 2012இல் வழக்கு கைவிடப்பட்டது. பிறந்த நேரத்தைத் திருத்தமாகக் கணிக்கச் சோதிடருக்கும் இதே அட்டவணைதான் வேண்டும். 1996 யூனில் மட்டக்களப்பில் பிறந்த பிள்ளைக்கு ஆறரை மணிக் கணக்கா, ஐந்தரை மணிக் கணக்கா என்பது எந்தக் கரையில் பிறந்தது, மருத்துவச்சி எந்தக் கடிகாரத்தைப் பார்த்தார் என்பதைப் பொறுத்தது.

ஒன்பது மணி எட்டரை ஆவது எப்படி

நாட்காட்டிச் சேவையகம் என்பது நிகழ்வுகளின் களஞ்சியம். ஒவ்வொரு நிகழ்வும் ஐகலண்டர் என்ற பொது வடிவில் எழுதப்படுகிறது. இந்த வடிவம் 1998இல் ஆர்எஃப்சி 2445 என்ற ஆவணமாக வந்தது. 2009இல் 5545 ஆகத் திருத்தப்பட்டது. சேவையகத்தோடு கைத்தொலைபேசியும் கணினியும் பேசும் கல்டாவ் நெறிமுறை 2007இல் வெளியானது. அழைப்பு அனுப்புதல், ஏற்றல், மறுத்தல் ஆகியவற்றைச் சேவையகமே கையாளும் விரிவு 2012இல் வந்தது. டேவிக்கல், ரடிக்காலே, சோகோ, நெக்ஸ்ட்கிளவுட் போன்ற திறந்தமூல மென்பொருள்கள் இதே மொழியைப் பேசுகின்றன.

இந்த வடிவத்தில் நேரத்தை மூன்று விதமாக எழுதலாம். முதலாவது, உலகப் பொது நேரமாக. இரண்டாவது, உள்ளூர் நேரமும் வலயப் பெயரும் சேர்த்து. மூன்றாவது, வலயமே இல்லாமல், எங்கே இருந்தாலும் அங்கத்தைய கடிகாரப்படி: காலை ஆறு மணிப் பூசை என்பதுபோல. எந்த நிகழ்வை எந்த விதத்தில் எழுதுவது என்ற தெரிவில்தான் பெரும்பாலான விபத்துகள் நடக்கின்றன.

2006 பெப்ரவரியில் மட்டக்களப்பு நகரத்தில் ஒரு நிறுவனம் வாரந்தோறும் திங்கள் காலை 9 மணிக்குக் கூட்டம் என்று பதிந்ததாக வைத்துக்கொள்வோம். அன்று இலங்கை ஆறு மணி முன்னே இருந்தது. ஆகவே உலகப் பொது நேரத்தில் அது 3 மணி. மென்பொருள் அந்த ‘3’ஐ மட்டும் சேமித்திருந்தால், ஏப்ரல் 15க்குப் பிறகு அதோடு ஐந்தரையைக் கூட்டி 8.30 என்று காட்டும். யாரும் கூட்டத்தை மாற்றவில்லை. ஆனால் கூட்டம் மாறிவிட்டது. வலயப் பெயரோடு ‘9 மணி, கொழும்பு’ என்று சேமித்திருந்தால் 9 மணி 9 மணியாகவே நிற்கும். எதிர்காலக் கூட்டத்தை உலகப் பொது நேரத்தில் மட்டும் வைக்காதே என்ற விதி இப்படித்தான் பிறந்தது. நடந்து முடிந்ததைப் பொது நேரத்தில் வைக்கலாம். நடக்க இருப்பதை மனிதர் பேசிக்கொண்டபடியே வைக்க வேண்டும். இடையில் ஓர் அரசாங்கம் மனம் மாறலாம்.

அந்த ஏப்ரலில் பலர் செய்தது கணினியின் கடிகாரத்தைக் கையால் அரை மணி பின்னே திருப்புவது. திரையில் நேரம் சரியாகத் தெரிந்தது. ஆனால் கணினியோ இன்னும் தான் ஆறு மணி வலயத்தில் இருப்பதாக நம்பியது. அதிலிருந்து போன ஒவ்வொரு மின்னஞ்சலும் அரை மணி முந்திய முத்திரையோடு போனது. இணையம்வழி நேரத்தைச் சரிபார்க்கும் ஏற்பாடு இருந்தால் அது வந்து கடிகாரத்தை மறுபடி முன்னே தள்ளியது. மற்றொரு வழி, விண்டோஸ் பட்டியலில் ‘ஸ்ரீ ஜயவர்த்தனபுர’ என்ற ஆறு மணி வலயத்தை விட்டு ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி’ வலயத்துக்குத் தாவுவது. இதில் இன்றும் நாளையும் சரி. முந்தைய பத்தாண்டின் பதிவுகளோ எல்லாம் அரை மணி முந்திப் போயின. 1999இல் 9 மணிக்கு நடந்தது 8.30க்கு நடந்ததாகத் தெரியும்.

காலப் பொருத்தம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கூகிள் கலண்டர் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 2006 ஏப்ரல் 13. இரண்டு நாளில் இலங்கை தன் நேரத்தை மாற்றியது. ஆழிப்பேரலைக்குப் பிந்திய மீள்கட்டுமானத்துக்காக வந்த வெளிநாட்டு நிறுவனங்கள் மட்டக்களப்பில் இன்னும் நிறைந்திருந்த காலம் அது. அவற்றின் கூட்டங்கள் ஜெனீவாவிலும் கொழும்பிலும் வாவிக்கரையிலும் ஒரே நேரத்தில் பதியப்பட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கா தன் கோடைக்கால நேரத் திகதிகளை மாற்றியபோது மைக்ரோசொப்ட், எக்ஸ்சேஞ்ச் சேவையகத்தில் ஏற்கெனவே பதிந்த கூட்டங்களைத் திருத்துவதற்கென்றே தனிக் கருவியை வெளியிட்டது. 2023 மார்ச்சில் லெபனானில், ரமழானை முன்னிட்டுக் கோடைக்கால நேரத்தை அரசு தள்ளிவைக்க, மரோனைட் திருச்சபை அதை ஏற்க மறுத்தது. சில நாள் ஒரே தெருவில் இரண்டு நேரம் ஓடியது. மட்டக்களப்பார் அதைப் பத்து ஆண்டு வாழ்ந்து பார்த்தவர்கள்.

நிர்வாகிக்கு இதிலிருந்து கிடைக்கும் வேலைப்பட்டியல் நீளமானது. நேர வலயத் தரவு ஒரு சேவையகத்தில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. இயங்குதளத்தில் ஒரு பிரதி, ஜாவாவில் ஒன்று, பிஎச்பியில் ஒன்று, தரவுத்தள மென்பொருளில் ஒன்று என்று ஒவ்வொன்றும் தன் பிரதியை வைத்திருக்கலாம். அனுப்பும் அழைப்புக்குள்ளேயும் வலய விதியின் பிரதி ஒன்று போகிறது. ஒன்றைப் புதுப்பித்து மற்றதை மறந்தால், ஒரே கூட்டம் உலாவியில் ஒரு நேரமும் கைத்தொலைபேசியில் வேறு நேரமும் காட்டும். கணினிக்குள்ளேயே இரு கரை உண்டாகிவிடும்.

யாருடைய விடுமுறை

நேரத்தைத் தீர்த்தாலும் நாள் மிச்சம். ‘வாரந்தோறும் திங்கள்’, ‘மாதத்தின் முதல் செவ்வாய்’ போன்ற மீள்வரும் நிகழ்வுகளை ஐகலண்டர் ஒரு வரியில் சொல்லிவிடும். முழுநிலாப் போயாவை அப்படிச் சொல்ல முடியாது. 1971ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டப்படி ஒவ்வொரு பூரணையும் விடுமுறை. ஆண்டுக்குப் பன்னிரண்டு, சில ஆண்டுகளில் பதின்மூன்று.

அதற்கு முந்திய சோதனை இன்னும் கடுமையானது. 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிறு வார விடுமுறையாக இருக்கவில்லை. அமாவாசை, பூரணை, இரண்டு அட்டமி என நிலவின் நான்கு கால்களும் விடுமுறை நாள் ஆயின. சந்திர மாதத்தின் 29.53 நாளை நான்காகப் பிரித்தால் 7.38 வரும். ஆகவே வாரம் சிலமுறை ஏழு நாள், சிலமுறை எட்டு நாள். உலகம் ஞாயிறு ஓய்ந்திருக்க இலங்கை வேலை செய்தது. உலகம் வேலை செய்கையில் இலங்கை ஓய்ந்திருந்தது. ஐந்தாண்டில் அது கைவிடப்பட்டது. அந்த ஆண்டுகளின் ஆவணங்களை இன்று நாட்காட்டியில் ஏற்றுபவர் ‘வாரம்’ என்ற சொல்லையே ஐயத்தோடு பார்க்க வேண்டும்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உண்டு. காத்தான்குடி, ஏறாவூர் போன்ற முஸ்லிம் ஊர்களின் பாடசாலைகளுக்கு ரமழானை ஒட்டிய தனித் தவணை அட்டவணை. தமிழ்ப் பாடசாலைகளுக்கு வேறு. மாவட்டத்துக்கு ஒரே ‘பாடசாலை விடுமுறை’ நாட்காட்டி போதும் என்று தொடங்கும் நிர்வாகி முதல் தவணையிலேயே திருத்துவார். நோன்புப் பெருநாளோ பிறை தெரிந்த பிறகே உறுதியாகும்; கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் பிறைக் குழு கூடும் மாலையில்தான் மறுநாள் விடுமுறையா என்று தெரியும். ஐகலண்டரில் இதற்கு இடமுண்டு: நிகழ்வை ‘தற்காலிகம்’ என்று பதிந்து, அறிவிப்பு வந்ததும் ‘உறுதி’ என்று மாற்றலாம்.

இந்துப் பண்டிகைகளுக்கு வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம். சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை ஒவ்வோர் ஆண்டும் பத்திரிகைகள் இரண்டு விதமாக அச்சிடுகின்றன. அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தம் ஆடி அமாவாசையில், மண்டூர் முருகன் தீர்த்தம் ஆவணிப் பூரணையில், கண்ணகை அம்மன் குளிர்த்தி வைகாசியில். ஆங்கில மாதத்தை வைத்து இவற்றுக்கு மீள்வரும் விதி எழுத வழியில்லை. வேற்று நாட்காட்டிகளைக் கொண்டு மீள்வரும் விதி எழுத 2015இல் ஆர்எஃப்சி 7529 வழி திறந்தது. சீன, எபிரேய, எத்தியோப்பிய நாட்காட்டிகளுக்கு அது உதவும். மென்பொருள்கள் பொதுவாகச் சார்ந்திருக்கும் பட்டியலில் ‘இந்திய’ என்று இருப்பதோ இந்திய அரசின் சக நாட்காட்டி. அதில் திதி இல்லை. ஆகவே இங்கே நேர்மையான வழி ஒன்றே: வர்த்தமானியும் பஞ்சாங்கமும் வந்ததும் திகதிகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுப் பதிவது, எந்தப் பஞ்சாங்கம் என்பதையும் குறிப்பில் எழுதுவது, அந்த வேலைக்குப் பெயர் சொல்லி ஒருவரைப் பொறுப்பாக்குவது.

யார் கை படலாம்

மூன்றாவது கேள்வி அதிகாரம். இதற்கும் வாவிக்கரை புதிது அல்ல. மட்டக்களப்பின் பெருங்கோயில்களில் திருவிழா நாட்கள் குடிகளுக்கும் ஊர்களுக்கும் பங்கிடப்பட்டவை. இன்ன நாள் இன்ன குடியின் திருவிழா. அதில் பிறர் கை வைக்க முடியாது. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் அந்த ஒழுங்கைக் காப்பவர். தன் விருப்பப்படி நாளை மாற்றுபவர் அல்லர். வயலுக்கும் அப்படியே. உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் போன்ற குளங்களின் கீழ் விதைப்பு எப்போது, முதல் தண்ணீர் எப்போது, மாடுகளை எப்போது வெளியேற்றுவது என்பதைப் போகத்துக்கு முந்திய ஆரம்பக் கூட்டம் தீர்மானிக்கிறது. அரசாங்க அதிபர் இருப்பார், நீர்ப்பாசன அதிகாரி இருப்பார், வட்ட விதானைமார் இருப்பார்கள், கமக்காரர் இருப்பார்கள். பேசி முடித்த திகதி எல்லோரையும் கட்டும்.

சேவையகத்தில் இதே வேறுபாடுகளை உரிமைகளாக எழுத வேண்டும். பார்ப்பவர் வேறு, பதிபவர் வேறு, மாற்றுபவர் வேறு. கல்டாவ் இன்னும் நுட்பமான ஓர் உரிமையைத் தருகிறது: ஒருவர் எப்போது ஓய்வாக இருக்கிறார், எப்போது இல்லை என்பதை மட்டும் பார்க்கலாம், என்ன வேலை, யாரோடு என்று தெரியாது. வைத்தியசாலை, சட்ட உதவி, பெண்கள் நலன் போன்ற பணிகளில் இந்த ஓர் உரிமை நோயாளியையும் முறைப்பாட்டாளரையும் காக்கும். மண்டபம், வாகனம், ஒலிபெருக்கி போன்றவற்றுக்குத் தனிக் கணக்குத் திறந்து, முதலில் கேட்டவருக்குத் தானாகக் கொடுக்க வைக்கலாம். வாகனம் ஒன்றே என்றால் ஒருவர் ஒப்புதல் தருமாறு வைப்பது சண்டையைக் குறைக்கும்.

இலங்கை அலுவலகங்களுக்கே உரிய தொல்லை இடமாற்றம். ஐகலண்டரில் ஒரு கூட்டத்துக்கு அழைப்பாளர் ஒருவரே. மற்றவர்கள் ஏற்கலாம், மறுக்கலாம், கூட்டத்தை நீக்க முடியாது. அவர் அம்பாறைக்கோ திருகோணமலைக்கோ மாறிப் போய், அவருடைய கணக்கும் அழிக்கப்பட்டால், அவர் வைத்த வாராந்தக் கூட்டம் இருபது பேரின் நாட்காட்டியில் ஆளில்லாத தோணியாக மிதந்துகொண்டிருக்கும். ஆகவே நிரந்தரக் கூட்டங்களை ஆளின் பெயரில் வைக்காமல் பதவியின் கணக்கில் வைக்க வேண்டும். கணக்கை மூடுமுன் கூட்டங்களைக் கைமாற்ற வேண்டும். திருவிழா நாள் குடிக்கு உரியது, அந்த ஆண்டு முன்னின்று செய்தவருக்கு அல்ல என்ற ஒழுங்கில் இந்தப் பாடம் முன்பே இருக்கிறது.

இவற்றின் அடியில் மின்சாரம் இருக்கிறது. 1996இல் கடிகாரத்தை மாற்ற வைத்த அதே பற்றாக்குறை 2022இல் வேறு உருவில் வந்தது. மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. எழுத்து வரிசைப்படி பிரித்த பகுதிகளுக்கு வெட்டு நேர அட்டவணை வெளியிடப்பட்டது. கூட்டம் வைப்பவர் முதலில் அதைப் பார்த்தார். அலுவலக அறையில் சேவையகம் வைத்திருப்பவர் மின்கலத்தையும், மின்சாரம் திரும்பியதும் நேரம் சரியாகிறதா என்பதையும், நாளாந்தப் பிரதி வேறு இடத்துக்குப் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

எந்தக் கரை

2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. பாதைக்குக் காத்து நின்ற துறையை இப்போது மோட்டார் சைக்கிள் நிமிடத்தில் கடக்கிறது. 2006 ஏப்ரல் 15க்குப் பிறகு இரு கரைக்கும் கணினி ஒரே விடை சொல்கிறது; புதிதாக ஒரு கூட்டம் வைப்பவர் கரையைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை.

பழையதை ஏற்றும்போதுதான் வாவி மறுபடி குறுக்கே வருகிறது. போர்க்காலத்தில் இரு கரையிலும் வேலை செய்த ஏதோ ஒரு நிறுவனத்தின் நாட்குறிப்புகளையும் கூட்ட அறிக்கைகளையும் ஒருவர் இன்று ஆவணமாக்குகிறார் என்று வைப்போம். தாளில் இருப்பது ஒரு வரி: 1999, திங்கள், காலை 9 மணி, கூட்டம். சேவையகம் வலயப் பெயர் கேட்கிறது. நகரத்தில் நடந்திருந்தால் ஆசியா/கொழும்பு. கொக்கட்டிச்சோலையில் நடந்திருந்தால் ஆசியா/கொல்கத்தா. நேரத்தை எழுதியவர் இடத்தை எழுதவில்லை. அன்று எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. இனி எந்த மென்பொருளாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. நிர்வாகி செய்யக்கூடியது ஒன்றுதான். அந்தக் கூட்டத்தில் இருந்த, இப்போது ஓய்வுபெற்றுவிட்ட எழுதுவினைஞர் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்க வேண்டும்: “ஐயா, இந்தக் கூட்டம் எந்தக் கரையில நடந்தது?”